ஹிரோஷிமாவில் ஒரு நாள்: கடல் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

ஒரே நாளில் ஹிரோஷிமாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் ரயில் நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருப்பார்கள். கடல் நேரத்தை யாரும் குறிப்பதில்லை. அதனால்தான் பலருக்கு மியாஜிமா தீவு ஏமாற்றம் தருகிறது. தண்ணீர்மேல் மிதப்பது போலப் படத்தில் பார்த்த, இட்சுகுஷிமா கோவிலின் சிவப்பு வாயில், இவர்கள் போகும் நேரத்தில் சேற்றில் நிற்கும். அதன் தூணருகே நடந்துபோய் நிற்க ஆசைப்பட்டவர்களுக்கோ இடுப்பளவுத் தண்ணீர் குறுக்கே நிற்கும். இந்த இரண்டு காட்சியும் ஒரே நாளில், ஏறக்குறைய ஆறு மணி நேர இடைவெளியில் வந்துபோகின்றன. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நாளின் மற்ற வேலைகள் அதைச் சுற்றித் தானாக அமையும்.

நாளுக்கு மூன்று துண்டுகள்: நகரின் நடுவில் அணுகுண்டின் நினைவாக உள்ள அமைதிப் பூங்காவும் அருங்காட்சியகமும், மியாஜிமா தீவு, தோசைபோல் கல்லில் சுடும் ஒகோனோமியாகி. ஒகோனோமியாகியை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் எது காலை, எது மாலை என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும்.

கடல் கணக்கு

மியாஜிமா சுற்றுலாச் சங்கம் ஆண்டு முழுவதற்கும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை இணையத்தில் போடுகிறது. ஒவ்வொரு நாளும் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும் நேரம், அடியோடு வற்றும் நேரம், அப்போதைய உயரம் சென்டிமீட்டரில் என்று எல்லாம் அதில் இருக்கும். நினைவில் வைக்க இரண்டு எண்கள் போதும். 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கோவில் மிதப்பது போலத் தெரியும். 100க்குக் கீழே போனால் வாயில்வரை நடந்து போகலாம்.

அட்டவணையைத் திறக்கும் முன்பே நம் வீட்டு நாட்காட்டியிலிருந்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுவிடலாம். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு மூன்று நாட்களில் இந்தக் கடலில் தண்ணீர் காலை 9லிருந்து 11 மணிக்குள் உச்சத்துக்கு ஏறி, பிற்பகல் 3லிருந்து 5 மணிக்குள் நன்றாக வற்றும். அதன்பின் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நிலைமை தலைகீழ்: காலை பத்து மணி வாக்கில் வற்றும், மாலை நான்கு மணி வாக்கில் ஏறும். அந்த நாட்களில் ஏற்றமும் வற்றமும் அரைகுறையாகவே இருக்கும் என்பதால் வாயில்வரை நடக்கும் வாய்ப்பு குறைவு. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பவர்களுக்கு இங்கே ஒரு புதுக் காரணம் கிடைக்கிறது.

ஆக, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் காலையிலேயே தீவுக்குப் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு அங்கே இருந்தால் மிதக்கும் காட்சியும், நாலு மணிவரை இருந்தால் நடந்து போகும் காட்சியும் ஒரே பயணத்தில் கிடைக்கும். அருங்காட்சியகம் அன்று மாலைக்குத் தள்ளும். அஷ்டமி நாட்களில் காலை அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் தீவு. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை வருபவர்கள் எந்தத் திதியானாலும் அருங்காட்சியகத்தைக் காலையில் முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த மாதங்களில் அது மாலை 6 மணிக்கே மூடிவிடும்.

கீழே சொல்வது காலை நகரம், மதியம் தீவு என்ற வரிசை. மாற்ற வேண்டியவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ரயிலிலிருந்து டிராமுக்கு

ஷின் ஒசாகாவிலிருந்து நொசோமி என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹிரோஷிமா. ஹகாட்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஜேஆர் பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) வைத்திருப்பவர்கள் நொசோமியில் ஏறினால் தனிக் கட்டணம் உண்டு. அதற்குப் பதில் சகுரா வண்டியில் ஏறலாம், நேர வித்தியாசம் அதிகமில்லை.

பெட்டியை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெரிய பெட்டி கொள்ளும் லாக்கர்கள் கொஞ்சமே. செர்ரிப் பூக்காலத்திலும் நவம்பர் இலையுதிர் காலத்திலும் காலை பத்து மணிக்கு மேல் போனால் எல்லாவற்றிலும் பூட்டு விழுந்திருக்கும். பூட்டியவுடன் லாக்கர் எண்ணையும், அருகிலுள்ள வாசலின் பெயர்ப்பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையத்தில் வடக்கே ஷின்கான்சென் வாசல், தெற்கே ஊர் வாசல். இரவில் களைத்து வரும்போது எந்தப் பக்கம் வைத்தோம் என்பது மறந்துபோகும்.

டிராம் விஷயத்தில் பழைய வழிகாட்டிகளை நம்பாதீர்கள். முன்பு நிலையத்துக்கு வெளியே தரையில் நின்ற டிராம், 2025 ஆகஸ்டிலிருந்து நிலையக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஷின்கான்செனை விட்டு வெளியேறி அதே தளத்தில் தெற்குப் பக்கமாக நேரே நடந்தால் போதும், படியிறங்க வேண்டாம். 2 அல்லது 6 எண் வண்டியில் ஏறி, ‘கெம்பாகு டோமு மாயே’ (அணுகுண்டுக் குவிமாடம் முன்) நிறுத்தத்தில் இறங்குங்கள். கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

நகருக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 240 யென். இங்கே ஏறும்போது காசு கொடுப்பதில்லை, இறங்கும்போதுதான். இக்கோக்கா, சுய்க்கா போன்ற, முன்பே பணம் ஏற்றிய பயண அட்டை இருந்தால் ஏறும்போது ஒரு முறையும், இறங்கும்போது ஓட்டுநரோ நடத்துநரோ இருக்கும் கதவருகே ஒரு முறையும் தொட்டால் முடிந்தது. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டணப் பெட்டியில் 1000 யென் தாளைப் போட்டுவிட்டு மீதிக்குக் காத்திருக்கக் கூடாது. முதலில் பெட்டியோடு இருக்கும் சில்லறை இயந்திரத்தில் தாளை மாற்றி, பிறகு 240 யென்னை எண்ணிப் போட வேண்டும். இதை வண்டி நிற்கும் முன்பே, சிவப்பு விளக்கில் நிற்கும்போது செய்துவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு நிம்மதி. 5000, 10000 தாள்களை வைத்துக்கொண்டு டிராமில் ஏறவே வேண்டாம்.

வண்டி எண்ணையும் கவனியுங்கள். 651, 652 என்று எழுதிய பழைய வண்டிகள் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டில் சிக்கிப் பிழைத்தவை, பழுது பார்த்து ஓட வைத்தார்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாளே இந்த ஊரில் ஒரு பகுதிப் பாதையில் டிராம் மறுபடி ஓடியது.

பூங்காவும் அருங்காட்சியகமும்

அருங்காட்சியகம் காலை 7:30க்குத் திறக்கும். மார்ச் முதல் நவம்பர்வரை மாலை 7 மணிவரை இருக்கும், ஆகஸ்டில் மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் கூட. பெரியவர்களுக்கு 200 யென், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 100, அதற்குக் கீழே இலவசம். 7:30லிருந்து 8:30வரையும், மூடுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் இணையத்தில் நேரம் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே. இதைத் தெரியாமல் காலையில் போய் நிற்பவர்கள் வாசலில் ஒரு மணி நேரம் இழக்கிறார்கள். தெரிந்தவர்களுக்கோ இதுதான் வாய்ப்பு. பத்து மணிக்குப் பள்ளிக் குழுக்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கியபின் ஒவ்வொரு கண்ணாடிப் பேழைக்கும் முன்னால் மூன்று வரிசை நிற்கும். 7:30க்குப் பதிவு செய்யுங்கள்.

உள்ளே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். நேரம் இல்லையென்றால் பிரதான கட்டடத்திலுள்ள பொருள்களுக்கே அதைக் கொடுங்கள். மூன்று வயதுச் சிறுவனின் மூன்று சக்கர வண்டி, உள்ளே சோறு கரியாகிப்போன பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பா, 8:15ல் நின்ற கைக்கடிகாரம். அரசியல் வரலாற்றுப் பலகைகளை வேறெங்கும் படித்துக்கொள்ளலாம், இவற்றை இங்கேதான் பார்க்க முடியும். தீக்காயப் படங்களை மறைத்து வைத்திருக்க மாட்டார்கள். சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் ஒருவர் பிள்ளையோடு வெளியே இருக்க, மற்றவர் பார்த்துவிட்டு வந்து மாற்றிக்கொள்வது நல்லது. பார்த்துவிட்டு வெளியே வந்த உடனே சாப்பிட உட்காரும் திட்டம் வேண்டாம். அடுத்த ஒரு மணி நேரத்தைப் பூங்காவில் நடப்பதற்கு விடுங்கள்.

நடக்கும் வழி இது. அருங்காட்சியகத்திலிருந்து வடக்கே வந்தால் நினைவு வளைவு. அதன் நேர் எதிரில் குனிந்து நின்று பார்த்தால், வளைவுக்குள்ளாக 1964லிருந்து எரியும் அமைதிச் சுடரும், அதற்கும் பின்னால் இடிந்த குவிமாடமும் ஒரே கோட்டில் தெரியும். தாங்கே கென்ஸோ என்ற கட்டடக் கலைஞர் பூங்காவையே இந்தக் கோட்டை வைத்துத்தான் வரைந்தார். பக்கத்தில் தரைக்குக் கீழே தேசிய நினைவு மண்டபம், கட்டணமில்லை. அதன் வட்டச் சுவரில் குண்டுக்குப் பின் பாழான ஊரின் காட்சியை 1,40,000 சிறு ஓடுகளால் பதித்திருக்கிறார்கள். 1945 முடிவதற்குள் இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோரின் எண்ணிக்கை அது. கூட்டம் எல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்க, இங்கே நாலைந்து பேர்தான் இருப்பார்கள்.

அடுத்து, காகிதக் கொக்குகள் தொங்கும் சிறுவர் நினைவுச் சின்னம். கதிர்வீச்சால் வந்த இரத்தப் புற்றுநோயில் 1955ல், 12 வயதில் இறந்த சசாகி சடாக்கோவின் பள்ளித் தோழர்கள் திரட்டிய பணத்தில் தொடங்கி 1958ல் எழுந்தது. ஆற்றைக் கடந்தால் குவிமாடம். 1915ல் யான் லெட்சல் என்ற செக் நாட்டவர் கட்டிய பொருட்காட்சிக் கட்டடம் இது. குண்டு ஏறக்குறைய நேர் மேலே வெடித்ததால்தான் சுவர்கள் பக்கவாட்டில் சரியாமல் நின்றன. அந்த ‘நேர் மேலே’ எங்கே என்று பெரும்பாலோர் தேடுவதில்லை. குவிமாடத்திலிருந்து தென்கிழக்கே 160 மீட்டரில், ஒரு குறுகிய தெருவில், ஷிமா மருத்துவமனை வாசலோரம் ஒரு சிறு கல்பலகை இருக்கிறது. அதற்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. இரண்டு நிமிட நடை. சுற்றிலும் மருத்துவமனை, வாகன நிறுத்தம், சாதாரண நகரத் தெரு. இது இன்றும் நடக்கும் மருத்துவமனை என்பதால் வாசலை மறைத்து நிற்காமல் இருங்கள்.

ஹிரோஷிமா கோட்டையை விட்டுவிடலாம். இப்போதிருக்கும் கோபுரம் 1958ல் கான்கிரீட்டில் எழுப்பியது. ஒரே நாள் கைவசம் உள்ளவர்கள் அதற்கு நேரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 6 அன்று நினைவு நிகழ்ச்சிக்காகக் காலையில் பூங்காவுக்குள் போகக் கட்டுப்பாடு இருக்கும். ஊர் சுற்றிப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் வேறு நாள் வாருங்கள்.

தீவுக்குப் போகும் வழிகள்

குவிமாட நிறுத்தத்திலிருந்து 2 எண் டிராமிலேயே உட்கார்ந்திருந்தால் மியாஜிமாகுச்சி துறைவரை போய்விடும். ஆனால் ஒரு மணி நேரம் நெருங்கும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் வண்டி அது. அதற்குப் பதில் அதே டிராமில் நிஷி ஹிரோஷிமாவரை மட்டும் போய், எதிரே உள்ள ஜேஆர் நிலையத்தில் சான்யோ தடத்தில் ஏறினால் இருபது நிமிடம்கூட ஆகாமல் மியாஜிமாகுச்சி. ஹிரோஷிமா நிலையத்திலிருந்தே நேரே ஜேஆரில் வந்தால் சுமார் 28 நிமிடம், 420 யென். அமைதிப் பூங்கா படித்துறையிலிருந்து தீவுக்கு நேரே 45 நிமிடத்தில் போகும் படகும் உண்டு. வசதிதான், ஆனால் விலை அதிகம். தண்ணீர் மிக உயர்ந்திருந்தால் படகு பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது, ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மிதக்கும் வாயிலைப் பார்க்கச் சரியான நேரம்தான் இந்தப் படகுக்குச் சிக்கலான நேரம்.

மியாஜிமாகுச்சியில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் துறை. இரண்டு நிறுவனங்களின் படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டுக்கும் 10 நிமிடம், இரண்டுக்கும் 200 யென். போகும்போது மட்டும் 100 யென் தீவு வரி சேரும் (2023 அக்டோபரிலிருந்து). ஆக, போக வர 500. பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜேஆர் படகு இலவசம், வரி மட்டும் கட்ட வேண்டும். பாஸ் இல்லாவிட்டாலும் ஜேஆர் படகையே எடுங்கள். காலை 9:10லிருந்து மாலை 4:10வரை துறையிலிருந்து கிளம்பும் ஜேஆர் படகுகள் பெரிய வாயிலுக்கு அருகே வளைந்து போகும். மற்றது நேரே போய்விடும். ஏறியதும் மேல்தளத்தில் வலப்பக்கக் கம்பியோரம் இடம் பிடியுங்கள்.

தீவில்

இறங்கியவுடன் மான்கள் வரும். மான்களுக்குப் பேர்போன நாரா நகரைப் போல இங்கே மான் பிஸ்கட் விற்பதில்லை, உணவு கொடுப்பது தடை. ஆனால் மானுக்கு அது தெரியாது. கையிலுள்ள வரைபடம், படகுச் சீட்டு, தோள்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் அதற்குத் தீனிதான். குனிந்து படம் எடுக்கும்போது பின்பையைப் பாருங்கள். குப்பைத் தொட்டிகளும் அரிது, ஆகவே தின்ற குச்சியையும் காகிதத்தையும் போட்டு வைக்க ஒரு பை கொண்டுபோங்கள்.

இட்சுகுஷிமா கோவில் காலை 6:30க்குத் திறக்கும், 300 யென். கி.பி. 593ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்றைய வடிவத்தின் மூலம் 1168ல் தைரா நோ கியோமோரி என்ற போர்த்தலைவர் கட்டியது. உள்ளே ஒருவழிப் பாதை, கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேற வேண்டும், திரும்பி வர முடியாது. நடைத் தரையின் பலகைகளைக் கவனியுங்கள், ஒன்றுக்கொன்று இடையில் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். பெரிய அலையும் புயல் நீரும் கீழிருந்து தள்ளும்போது அந்த இடைவெளி வழியே அழுத்தம் வெளியேறிவிடும், தரை பெயராது.

கடலில் நிற்கும் பெரிய வாயிலுக்கு ஜப்பானில் தோரி என்று பெயர். இப்போது நிற்பது 1875ல் நிறுத்தியது. 16 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 60 டன் எடை. கடலடியில் அதைப் புதைக்கவில்லை. கற்பூர மரத் தூண்கள் தம் எடையிலேயே நிற்கின்றன. எடை போதாதென்று, மேலேயுள்ள குறுக்குப் பகுதியைப் பெட்டி போலச் செய்து உள்ளே டன் கணக்கில் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். தண்ணீர் வற்றும்போது தூண்கள் கற்களின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். தூண் வெடிப்புகளில் நாணயம் செருகாதீர்கள், அது மரத்தைக் கெடுக்கிறது. மணல் என்று நினைத்து வெள்ளை ஷூவோடு போனவர்களை எளிதில் அடையாளம் காணலாம். அது மணல் கலந்த சேறு. வற்றியதும் ஓடாமல் அரைமணி நேரம் விட்டுப் போனால் கொஞ்சம் இறுகியிருக்கும்.

கோவிலின் மேற்கு வாசலில் வெளியே வந்ததும் எதிரிலேயே தைகான்ஜி. பலர் நிற்காமல் கடந்துபோகும் சின்ன ஆலயம். நாம் நிற்க வேண்டிய இடம் இது. இங்கே குடியிருக்கும் பென்ஸைதென் வேறு யாருமில்லை, சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனம் வழியே ஜப்பானுக்கு வந்து, வீணையை விட்டு பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டவள். ஜப்பானின் மூன்று பெரிய பென்ஸைதென் தலங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஆற்றங்கரைத் தெய்வம் இங்கே கடலோரம் வந்து அமர்ந்திருக்கிறது.

அங்கிருந்து பத்து நிமிடம் மேடேறினால் தைஷோ இன். நுழைவுக் கட்டணம் இல்லை. படிக்கட்டின் நடுவே வரிசையாக உலோக உருளைகள், அவற்றில் சூத்திரங்கள் பொறித்திருக்கும். ஏறிக்கொண்டே கையால் சுழற்றிவிட்டால் படித்த பலன். 500 அர்ஹத் (ஞானம் அடைந்த பௌத்தச் சீடர்) சிலைகளுக்கும் யாரோ கம்பளிக் குல்லாய் பின்னிப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முகமும் வேறு. கோவிலைவிட இங்கே அதிக நேரம் கழிப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

535 மீட்டர் உயர மிசென் மலைக்கு ரோப்வே இருக்கிறது. ஆனால் அது இறக்கிவிடும் இடத்திலிருந்து உச்சிக்கு இன்னும் அரைமணி நேரம் ஏறி இறங்கி நடக்க வேண்டும். வரிசையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் போய்விடும். அருங்காட்சியகத்தையும் மலையையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் அரைகுறைதான். மலையை விடுங்கள்.

தீவுக் கடைகளில் பெரும்பாலானவை மாலை 5 மணிக்கே கதவடைக்கும். அந்தி வெளிச்சத்தில் வாயிலைப் பார்க்க இருப்பவர்கள் அதற்கு முன்பே வயிற்றை நிரப்பிவிட வேண்டும்.

தீவில் வாய்க்கு

மீன் சாப்பிடுபவர்களுக்கு முதல் தேர்வு அனகோ மேஷி. அனகோ என்பது கடல் விலாங்கு. அதன் எலும்பில் இறக்கிய சாற்றில் வெந்த சோற்றின்மேல், சோயா பூசிச் சுட்ட துண்டுகளை ஓடு வேய்ந்தது போல அடுக்கித் தருவார்கள். தீவுக்கு இக்கரையில், மியாஜிமாகுச்சி துறைக்கு எதிரே உள்ள உயேனோ கடை 1901லிருந்து இதை விற்கிறது. உள்ளே உட்கார வரிசை நீளமாக இருந்தால் பொட்டலமாக வாங்குங்கள். இந்தச் சோறு ஆறிய பிறகுதான் இன்னும் நன்றாக இருக்கும், முதலில் ரயில் நிலையப் பொட்டலமாகவே பிறந்த உணவு அது. 2500 யென்னுக்கு மேல் ஆகும்.

ஜப்பானின் சிப்பி விளைச்சலில் பாதிக்கும் மேல் ஹிரோஷிமாவிலிருந்து வருகிறது. தீவுக் கடைத்தெருவில் ஓட்டோடு தணலில் சுட்டுத் தருவார்கள், வழக்கமாகத் தட்டுக்கு இரண்டு. குளிர்காலத்தில், குறிப்பாக ஜனவரி, பிப்ரவரியில் சதை கொழுத்திருக்கும். ஓட்டுக்குள் தேங்கிய சாறு கொதிக்கும் சூட்டில் இருக்கும். முதலில் சதையை எடுத்துத் தின்று, ஆறிய பிறகு சாற்றைக் குடியுங்கள். எலுமிச்சம்பழமும் இந்த மாகாணத்துச் சரக்குதான்.

மொமிஜி மன்ஜு என்பது மேப்பிள் இலை வடிவ அச்சில் வார்த்த சின்னக் கேக், உள்ளே சிவப்புப் பயறு பூரணம். அதையே மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துக் குச்சியில் குத்தித் தந்தால் ‘அகே மொமிஜி’. நம் சுழியனின் தூரத்து உறவு என்று ஒரு கடி கடித்ததும் தெரிந்துவிடும். பயறு, கஸ்டர்ட், சீஸ் என்று வகைகள் உண்டு. முதல் தடவைக்குப் பயறையே எடுங்கள். மாவில் முட்டை இருக்கும்.

இரவு: இரும்புக் கல்லின் முன்னால்

திரும்பி வந்து ஹச்சோபோரி டிராம் நிறுத்தத்தில் இறங்கினால், ஐந்து நிமிட நடையில் ஒகோனோமிமுரா. ஒரே கட்டடத்தின் 2, 3, 4ஆம் தளங்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஒகோனோமியாகிக் கடைகள். எது நல்ல கடை என்று ஆராய வேண்டாம். புதிதாக வருபவரின் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, இடம் காலியாக இருக்கும் கடையில் உட்காருங்கள். ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகளும் உண்டு. ஒருவருக்கு 1000லிருந்து 1500 யென்.

இந்த ஊர்க்காரர்களிடம் இதை ‘ஹிரோஷிமாயாகி’ என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு இதுதான் ஒகோனோமியாகி, மாவோடு எல்லாவற்றையும் கலக்கிச் சுடும் ஒசாகா வகைக்குத்தான் அடைமொழி வேண்டும் என்பார்கள். கேட்க வேண்டியது ‘நிக்கு தாமா சோபா’: பன்றி இறைச்சி, முட்டை, நூடுல்ஸ். இங்கே சோபா என்றால் கோதுமை நூடுல்ஸ், பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் சோபா அல்ல. தடித்த உதோன் நூடுல்ஸும் கேட்கலாம், ஆனால் கல்லில் பட்டு மொறுமொறுப்பாவது சோபாதான்.

கல்லின் எதிரிலேயே உட்கார்ந்தால் முழு வேலையையும் பார்க்கலாம். ஒரு கரண்டி மாவை ஊற்றிக் கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்ப்பார்கள். தோசைதான், ஆனால் துணி போல மெல்லியது. அதன்மேல் மீன் தூள், பிறகு மலைபோல் நறுக்கிய முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, பொரித்த மாவுத் துணுக்குகள், கடைசியாக மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகள். மேலே சிறிது மாவைச் சொட்டவிட்டு, இரண்டு கரண்டிகளால் ஒரே மூச்சில் புரட்டுவார்கள். இப்போது தோசை மூடியாகிவிட்டது. உள்ளே கோஸ் தன் நீரிலேயே வெந்து குன்று மூன்றில் ஒன்றாக அமுங்கும். இந்த ஏழெட்டு நிமிடத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது, கோஸின் இனிப்பு வருவது இங்கேதான். பக்கத்தில் நூடுல்ஸை வட்டமாகப் பரப்பி வறுத்து, குன்றைத் தூக்கி அதன்மேல் வைப்பார்கள். முட்டையை உடைத்துப் பரப்பி, மொத்தத்தையும் அதன்மேல் ஏற்றி மறுபடி புரட்டி, சாஸ் பூசி, கடற்பாசித் தூள் தூவினால் முடிந்தது. மொத்தம் கால் மணி முதல் இருபது நிமிடம்.

‘ஹெரா’ என்ற சின்ன இரும்புத் தகட்டுக் கரண்டியால் சாப்பிடுவதே முறை. ஓரத்திலிருந்து நேரே கீழே அழுத்தி வெட்டி, ஒரு வாய்க்கு மட்டும் எடுங்கள். நடுவில் குத்தினால் அடுக்கு சரிந்து கோஸ் கல்லெங்கும் ஓடும். தகடு சூடேறியிருக்கும், உதட்டில் படும் முன் ஊதிக்கொள்ளுங்கள். தட்டும் குச்சியும் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் கூட்ட நேரத்தில் இருவர் உட்கார்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்வது கூடாது. ஆளுக்கு ஒன்று.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

இறைச்சியை நீக்கச் சொன்னால் சைவமாகிவிடும் என்று நினைப்பதுதான் பொறி. மாவின்மேல் மீன் தூள், சாஸில் இறைச்சிச் சாறும் சிப்பிச் சாறும். மூன்றையும் நீக்கினால் மிஞ்சுவது உப்புப் போட்ட கோஸ் தோசை. ஆகவே சைவ வகைக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். அமைதிப் பூங்கா அருகே நாகாத்தாயா அப்படிப்பட்டது. வரிசை நிற்கும், மாலை 5 மணி வாக்கில் போய்விட்டால் நல்லது. பக்கத்து ஆளின் இறைச்சி வேகும் அதே கல்லில்தான் உங்களுடையதும் வேகக்கூடும். அது ஒத்துவராது என்றால் முன்பே கேளுங்கள்.

உட்காரும் முன் சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘நிக்கு தோ சகானா ஓ தாபெமசென்’ (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்). மாட்டிறைச்சி மட்டும் வேண்டாதவர்கள் ‘கியூநிக்கு நுக்கி தே’, பன்றி வேண்டாதவர்கள் ‘புத்தாநிக்கு நுக்கி தே’. இதையே ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்துக் காட்டினால் இன்னும் நிச்சயம். ‘தாஷி’ என்ற சொல்லைத் தனியாகக் கேளுங்கள். கருவாட்டில் இறக்கிய அந்தச் சாற்றை அவர்கள் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, நாம் உப்பைக் கணக்கில் சேர்க்காதது போல.

பணமும் திரும்பும் வண்டியும்

ஷின்கான்சென் போக, டிராம், ரயில், படகுக்கு 2000 யென், நுழைவுகளுக்கு 500, அனகோவும் ஒகோனோமியாகியும் நொறுக்குத்தீனியும் சேர்த்து 5000 என்று வைத்தால் ஒருவருக்கு 7500க்குள் நாள் முடியும். அனகோவை விட்டால் 5000. கையில் 100 யென் நாணயங்கள் குறைந்தது பத்து இருக்கட்டும்.

டோக்கியோவுக்கு அன்றே திரும்புபவர்களுக்குக் கடைசி நொசோமி இரவு 8 மணி வாக்கில் போய்விடும், ஆகவே அவர்கள் தீவைக் குறைத்துக்கொண்டு ஆறு மணிக்கே ஒகோனோமியாகிக்கு உட்கார வேண்டும். ஒசாகா பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் நேரம் உண்டு. 9 மணி வண்டியைக் குறிவைத்தால் தவறினாலும் அடுத்தது கிடைக்கும். ஒகோனோமிமுராவிலிருந்து நிலையத்து லாக்கர்வரை டிராம், நடை, பெட்டி தேடல் எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். சட்டையில் சாஸ் புகை ஏறியிருக்கும். மேல்சட்டையைக் கடைக்குள் போகும் முன்பே பைக்குள் வைத்துவிட்டால் வண்டியில் பக்கத்து இருக்கைக்காரருக்கு உங்கள் இரவுச் சாப்பாடு என்னவென்று தெரியாது.